ஃபைட்டருக்கு இரண்டு அயிரைகள்

தக்கலையில் பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் போகிற சாலையில் ஜான்ரோஸின் மீன் தொட்டிக் கடை இருக்கிறது. அந்தக் கடையில் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறவள் ரெஜிஷா. மீன்களைப் பற்றி அங்கே தெரிந்த ஒரே ஆள் அவள்தான். பேசுகிற ஒரே ஆள் ஜான்ரோஸ்.

ஜான்ரோஸ் மஸ்கட்டில் ஒன்பது வருடம் வண்டி ஓட்டிவிட்டு வந்தவர். அங்கே முதலாளி வீட்டு வரவேற்பறையில் சுவர் நீளத்துக்கு ஒரு மீன் தொட்டியைப் பார்த்தாராம். பார்த்தது மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு ஊருக்கு வந்து கடை போட்டார். எந்த மீனோடு எந்த மீனைப் போடலாம் என்று யார் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான் உண்டு.

“ஒண்ணும் ஆவாது சாரே, எல்லாம் ஒண்ணா கெடக்கும்.”

எல்லாம் ஒன்றாகக் கிடக்கத்தான் செய்யும், மூன்று நாள். நான்காம் நாள் வாங்கியவர் செத்த மீனைப் பாலித்தீன் கவரில் போட்டுக்கொண்டு வருவார். ஜான்ரோஸ் கவரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, “உங்க வீட்டு வெள்ளம் சரியில்ல” என்பார். வந்தவரும் தலையாட்டிவிட்டு இன்னொரு ஜோடி வாங்கிப் போவார். தன் வீட்டுத் தண்ணீரைக் குடித்துத் தான் இத்தனை வருடம் உயிரோடிருப்பது அவருக்கு நினைவு வராது. ரெஜிஷா இதை நூறு தடவைக்கு மேல் பார்த்திருக்கிறாள். வாங்க வருகிறவர்கள்மேல் அவளுக்கு இரக்கம் வந்ததில்லை. சோபாவின் நிறத்துக்கு மீன் கேட்கிறவர்களுக்கு எதற்கு இரக்கம்?

அவள் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினவள். ஒருநாள் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். வாய் திறக்கவில்லை. மறுநாள் போகவில்லை. யாராவது தேடி வருவார்கள் என்று ஒரு வாரம் பார்த்தாள், வரவில்லை. தேடி வராத இடத்துக்குத் தானாகத் திரும்பிப் போவதில் அவளுக்கு விருப்பமில்லை. பிறகு ஆறு வருடம் முந்திரி ஆலையில் கொட்டை உடைத்தாள். முந்திரித் தோட்டின் எண்ணெய் பட்டு விரல் நுனி கறுத்துத் தோல் உரிந்தது. அங்கேயும் அவள் பேசியதாக யாருக்கும் ஞாபகம் இருக்காது. மீன் கடையில் ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு வந்தபோது ஜான்ரோஸ், “வாயாடாத பிள்ளையா இருந்தா போதும்” என்றார். வேலை கிடைத்தது.

பேசாதவளுக்குக் கண் நிறைய வேலை செய்யும். எந்த மீன் எந்த மூலையில் நிற்கிறது, எது எதைத் துரத்துகிறது, எது சாப்பிடாமல் இருக்கிறது, எல்லாம் அவளுக்குத் தெரியும். இரண்டாம் வருடத்திலேயே வில்லுக்குறியில் இருக்கிற தன் வீட்டில் ஃபைட்டர் மீன் வளர்க்க ஆரம்பித்தாள். ஃபைட்டரில் ஆண் மீன் இரண்டை ஒரே தண்ணீரில் விட்டால் ஒன்று சாகிறவரை கடித்துக்கொள்ளும். குஞ்சுகள் மூன்று மாதமானால் ஒவ்வொரு ஆணையும் பிரித்துத் தனிப் பாத்திரத்தில் விட வேண்டும். அதற்குத் தோதானது பிராந்தி குவார்ட்டர் பாட்டில்தான். அடுக்கி வைக்க வசதி, பக்கத்து மீன் தெரியாமல் இடையில் அட்டை சொருகலாம்.

பாட்டிலுக்கு அவள் எங்கும் அலையவில்லை. கடையின் பின்னறையில், ஃபில்டர் பஞ்சுப் பெட்டிகளுக்குப் பின்னால், வாரத்துக்கு இரண்டு வீதம் காலியாகக் கிடக்கும். ஜான்ரோஸ் சபையில் கமிட்டி மெம்பர். மதுவிலக்கு ஞாயிறன்று மைக் பிடித்துச் சாட்சி சொல்கிறவர். பின்னறையில் வைக்கிற பாட்டில் எப்படியோ மறைந்துபோவதை அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. தன்னைச் சுற்றி எல்லாம் தானாக நடக்கிறது என்று நினைக்கிற ஆண்களில் அவர் ஒருவர். ரெஜிஷா அவற்றைக் கறுப்புக் கவரில் சுற்றி, அதை வேதாகமப் பைக்குள் வைத்து பஸ்ஸில் கொண்டுபோவாள். வீட்டுக்கு உபதேசியார் ஜெபிக்க வந்தால் உடைந்ததும் மீனோடு கொடுத்ததும் போக மிஞ்சுகிற நாற்பத்திரண்டு பாட்டிலையும் அம்மா பழைய சேலையால் மூடிவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்துகொள்வாள்.

மூன்று வருடம் ஜோடி மாற்றி ஜோடி சேர்த்து, போன கார்த்திகையில்தான் அவள் நினைத்த மாதிரி ஒரு மீன் வந்தது. மை நீலம். விரித்தால் அரை வட்டமாக நிற்கும் வால். ஓரம் முழுக்க நூல் பிடித்த மாதிரி வெள்ளை. அந்தத் தடவை பொரித்த குஞ்சுகளில் அப்படி வந்தது அது ஒன்றுதான். ஆனி மழை பிடித்துத் தண்ணீர் குளிர்ந்ததும் அதைப் பெண் மீனோடு சேர்க்க வேண்டும் என்று வைத்திருந்தாள். அது போனால் மூன்று வருடமும் போச்சு; மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். சித்திரை வெயிலில் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை கொதித்ததால் அதை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் விட்டு, காய்ந்த பாதாம் இலை ஒன்று போட்டு, கடையின் பின்னறையில் நிழலான தட்டில் வைத்திருந்தாள். அதுதான் அவள் செய்த தப்பு.

அந்த மே மாதம் ஆன்ட்ரூஸ் என்கிற காண்டிராக்டர் கடைக்கு வந்தார். மகள் அபினாவுக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. அடுத்த சனிக்கிழமை அடுக்களை காணல். பெண் வீட்டார் வண்டி பிடித்து மாப்பிள்ளை வீட்டுக்கு அடுக்களைச் சாமான்களைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டு வருகிற சடங்கு அது. முன்பெல்லாம் உருளி, குட்டுவம், ஆட்டுக்கல் என்று அடுக்களையோடு சம்பந்தப்பட்டவை போகும். இப்போது எது போகும் என்பதற்குக் கணக்கில்லை. மாப்பிள்ளை வீட்டுப் பந்தலில் எல்லாவற்றையும் வரிசையாக வைப்பார்கள். ஊர் வந்து பார்த்துக் குறை சொல்லும்.

“ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டிஷ் வாஷர் எல்லாம் ஆச்சு. இது எல்லா எடத்துலயும் போவுது” என்றார் ஆன்ட்ரூஸ். “அங்க வாறவன் கண்ணு நிக்கணும். ஒரு மீன் தொட்டி வச்சா எப்பிடி இருக்கும்?”

“பின்ன, கொள்ளாம் சாரே, நல்லா இருக்கும்” என்றார் ஜான்ரோஸ்.

ஒன்றரை அடித் தொட்டி எடுத்தார்கள். அதற்குள் ஆன்ட்ரூஸ் பின்னறைப் பக்கம் போய், ஹார்லிக்ஸ் பாட்டிலின் முன்னால் நின்றுவிட்டார். மீன் அவருடைய மோதிர விரலைப் பார்த்துச் செவுளை விரித்து வாலை அகலத் திறந்தது.

“இது என்ன மீனாக்கும்?”

“சாருக்குன்னு எடுத்து வச்சதாக்கும்” என்றார் ஜான்ரோஸ், ஒரு நொடிகூடத் தயங்காமல்.

ரெஜிஷா கையில் வலையோடு நின்றாள். அது என் மீன் என்று சொல்ல மூன்று சொல் போதும். மூன்றும் தொண்டையில் வந்து வரிசையாக நின்றன, வெளியே வரவில்லை. ஜான்ரோஸ் அவளைத் திரும்பிப் பார்த்து, “நீ வேற ஒண்ணு எடுத்துக்க பிள்ளே, இங்க எவ்வளவு கெடக்கு” என்றார். அவருக்கு அது அவளுடையது என்று தெரிந்தே இருந்தது.

பிறகு மற்ற மீன்களைத் தேர்ந்தெடுக்கிற கூத்து தொடங்கியது. ஆன்ட்ரூஸ் ஓட்டலில் சாப்பாடு சொல்கிற மாதிரி கண்ணாடி கண்ணாடியாகக் கை நீட்டினார். பெரிய வால் வைத்த கப்பி எட்டு. ஃபைட்டர் அந்த வாலைப் பார்த்தால் இன்னொரு ஃபைட்டர் என்று நினைத்துக் குதறும். டைகர் பார்ப் ஆறு. அவை ஃபைட்டரின் வாலை நார் நாராகப் பிய்க்கும். ஏஞ்சல் இரண்டு, அதே வேலையை நிதானமாகச் செய்யும். அழுக்குத் தின்னும் என்று ஒரு சக்கர். வருடம் திரும்பினால் முழங்கை நீளம் வளர்ந்து, தொட்டியில் பாதி அதுவாகவே இருக்கும்.

“எல்லாம் ஒண்ணா கெடக்குமா?” என்று ஆன்ட்ரூஸே ஒருதடவை கேட்டார்.

“கெடக்கும் சாரே. ஒரு வீட்டுல நாலு பேரு இருக்கது இல்லியா?”

இரண்டு பேரும் சிரித்தார்கள். ரெஜிஷாவுக்கு அந்த இரண்டு பேரையும் ஒரே தொட்டியில் விட்டு மூடிவிட்டால் போதும் என்றிருந்தது.

மீனைத் திரும்பக் கேட்க அவளால் முடியவில்லை. அது சாகாமல் பார்த்துக்கொள்ள முடியுமா என்று அந்த வாரம் முழுக்க யோசித்தாள். மீன்களைக் கவரில் கட்டுகிற வேலை அவளுடையது. சனிக்கிழமை காலையில் டைகர் பார்ப் கவரை மட்டும் மேசைக்கு அடியில் வைத்துவிட்டு மறந்தாள். ஜான்ரோஸுக்கு மூன்றுக்குமேல் எண்ணுகிற பொறுமை கிடையாது, தெரியப்போவதில்லை. ஏஞ்சலை மறக்க முடியாது, அது தூரத்திலேயே தெரியும். கப்பியில் வால் குட்டையானவையாகப் பொறுக்கினாள். தொட்டிக்குள் ஒளிய இடம் வேண்டும் என்று வேலம்பாசி இரண்டு கட்டு எடுத்தாள்.

இன்னொன்றும் செய்தாள். விருந்துக்கு வருகிறவர்கள் தொட்டிக்குள் தீனியை அள்ளிப் போடாமல் இருக்கமாட்டார்கள். அது அடியில் கிடந்து அழுகினால் ஒரே நாளில் தண்ணீர் கெடும். அவள் வீட்டில் ஃபைட்டர் குஞ்சுகளும் பெண் மீன்களும் கிடக்கும் தொட்டிகளில் எல்லாம் அடிமணலில் அயிரை விட்டிருந்தாள். வீட்டுக்குப் பின்னால் வாய்க்காலில் பிடித்தவை. விரல் நீளம், மணல் நிறம், சின்ன மீசை. மேலே நடப்பதில் தலையிடாமல் அடியில் விழுந்ததைத் தின்றுவிட்டு மணலுக்குள் புதைந்துகொள்ளும். ஃபைட்டர் அதை மதிப்பதே இல்லை. தொட்டிக்குள் ஃபைட்டரோடு விடத் தகுந்தது என்று பதினொரு வருடத்தில் அவள் கண்டுபிடித்தது அது ஒன்றுதான். அதில் இரண்டை எடுத்துத் தனிக் கவரில் போட்டாள்.

மாப்பிள்ளை வீடு பூதப்பாண்டிப் பக்கம், வயலை ஒட்டியது; தொட்டியை வைத்துக் கொடுக்க ஜான்ரோஸும் ரெஜிஷாவும் கூடப் போனார்கள். மாப்பிள்ளையின் அம்மா செல்லபாய், பெரிய சம்சாரி வீட்டுக்காரி. விதைப்பு, அறுப்பு எல்லாவற்றையும் வரப்பில் நின்று தானே பார்க்கிறவள். பந்தலில் ஃபிரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் நடுவில் மேசை போட்டுத் தொட்டியை வைத்தார்கள். ரெஜிஷா மணல் பரப்பி, தண்ணீர் விட்டு, பாசி நட்டு, காற்றுக் குழாயை மெதுவாக வைத்து, மீன்களை விட்டாள். அயிரை இரண்டும் இறங்கிய வேகத்தில் மணலுக்குள் போய்விட்டன. பிறகு அவள் ஃபிரிட்ஜ் அட்டைப்பெட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

சாமான்களைப் பார்க்க வந்தவர்கள் மீனைப் பார்த்தார்கள். ஒருத்தி முந்திரிக்கொத்தைக் கிள்ளிப் போட்டாள். ஒருவர் முறுக்கை நொறுக்கித் தூவினார். ஒரு மாமா செல்ஃபி போட்ட செல்போனைத் திருப்பிக் கண்ணாடியில் ஒட்டி வைத்து, ஃபைட்டருக்கு அதன் முகத்தையே காட்டி, அது வெறிபிடித்து முட்டுவதைப் பக்கத்தில் நின்றவரின் போனில் எடுக்கச் சொன்னார். அவருடைய முகத்தை இப்படி ஒரு மணி நேரம் அவருக்கே காட்டினால் தாங்குவாரா என்று ரெஜிஷா நினைத்தாள். ஏஞ்சல் ஒன்று ஃபைட்டருக்குப் பின்னால் வந்து வால் ஓரத்தைச் சுவைத்துப் பார்த்தது. வெள்ளை நூல் ஓரிடத்தில் அறுந்தது.

அப்போது செல்லபாய் வந்தாள். குனிந்து, எல்லாரையும்விட அதிக நேரம் பார்த்தாள். முறுக்குத் துண்டு மணலில் இறங்கியதும் மணல் அசைந்து, மீசை ஒன்று எட்டிப் பார்த்தது.

“அடியில கெடக்கது என்னதாக்கும்?” என்றாள்.

ஜான்ரோஸ் எட்டிப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. தெரியாததைச் சொல்ல அவருக்கு எப்போதும் கூச்சமில்லை.

“அது ஃபாரின் சாதனமாக்கும் அம்மா. தாய்லாந்துல இருந்து வாறது. ரொம்ப அபூர்வம்.”

“தாய்லாந்துலயா?” செல்லபாய் நிமிர்ந்தாள். “எங்க வயல்ல மடை தொறந்தா ஒரு கூடை வருமே. ஏலே இங்க வாங்க, சம்பந்தக்காரரு அடுக்களை காணலுக்கு அயிரை கொண்டு வந்திருக்காரு. புளியும் மொளவும் மட்டும் நாம எடுத்தா போதும்.”

பந்தல் முழுக்கச் சிரித்தது. “ரெண்டே ரெண்டு எப்பிடி காணும்?” என்று யாரோ கேட்டார்கள். “பந்திக்கு முந்தினவனுக்கு வால், பிந்தினவனுக்கு தலை” என்றார் இன்னொருவர். ஆன்ட்ரூஸின் முகம் டைல்ஸ் மாதிரி ஆகிவிட்டது. டிஷ் வாஷரை யாரும் அதன்பிறகு பார்க்கவில்லை.

திரும்பி வருகிற வழி முழுக்க ஜான்ரோஸ் கத்திக்கொண்டே வந்தார். “கறி மீனையா கொண்டு போடுவா? நாலு எழுத்து படிச்சவளா இருந்தா இப்பிடி செய்வாளா? இன்னொரு தடவ இப்பிடி ஏதாவது பாத்தேன், பின்ன நீ கடைக்கு வராண்டாம், கேட்டியா?” ரெஜிஷா கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதில் அவளுக்குப் பட்டது ஒன்றுமில்லை. அறுந்த வெள்ளை ஓரம்தான் கண்ணில் நின்றது.

பன்னிரண்டாம் நாள் முற்பகலில் கடைக்கு முன்னால் ஓர் ஆட்டோ வந்து நின்றது. செல்லபாய் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினாள். வாளியை மேசைமேல் வைத்தாள். அடியில் ஒரு மூலையில் ஃபைட்டர் சாய்ந்து நின்றது. வாலில் பாதி இல்லை. மிச்சம் ஈர நூல் மாதிரி தொங்கியது. ஆனால் செவுள் அசைந்தது.

“கப்பி எட்டும் செத்துப்போச்சு” என்றாள் செல்லபாய். “வாலு மொதல்ல போச்சு, பெறவு உயிரு போச்சு. அந்த முக்கோண மீனு ரெண்டும் இத பிச்சுத் தின்னுச்சு. பாக்க பொறுக்காம அத ரெண்டையும் எடுத்து கெணத்துல விட்டேன். கறுப்பு ஒண்ணு கண்ணாடியில ஒட்டிக்கிட்டு கெடக்கு, அது உயிரோட இருக்கா இல்லியாண்ணு தெரியல்ல. மருமவ காலத்தால இருந்து அழுகா.”

“உங்க வீட்டு வெள்ளம்…” என்று ஜான்ரோஸ் ஆரம்பித்தார்.

“எங்க வீட்டு வெள்ளத்துல அயிரை ரெண்டும் கொழுத்துக் கெடக்கு.”

ஜான்ரோஸ் உடனே பாதையை மாற்றினார். “ஒண்ணும் ஆவாது அம்மா. இதுக்குத் துணையாட்டு ரெண்டு கோல்டு ஃபிஷ் போடுவோம். எல்லாம் ஒண்ணா கெடக்கும்.”

செல்லபாய் அவரைப் பார்த்தாள். வரப்பில் நின்று பொய்க் கூலி கேட்கிறவனைப் பார்க்கிற பார்வை. “அயிரை போட்டது யாரு?” என்று கேட்டாள்.

“இவளாக்கும்” என்று ஜான்ரோஸ் விரலை நீட்டினார். “நான் அன்னைக்கே சத்தம் போட்டேன். படிப்பில்லாத பிள்ள.”

செல்லபாய் ரெஜிஷாவின் பக்கம் திரும்பினாள். “எதுக்கு மக்கா போட்ட?”

கேள்வி நேராக வந்தது. பதினொரு வருடத்தில் அந்தக் கடையில் அவளிடம் ஒருவர் காரணம் கேட்டது அதுதான் முதல் தடவை. ரெஜிஷா வாளியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“கீழ விழுகதத் திங்க அது வேணும். ஃபைட்டர் கூட அதுதான் கெடக்கும். வேற ஒண்ணும் கெடக்காது. கப்பி கெடக்காது, ஏஞ்சல் கெடக்காது, கோல்டு ஃபிஷும் கெடக்காது. தனியா விட்டாலும் அதுக்கு ஒரு கொறையும் இல்ல.” பிறகு சொன்னாள்: “இது எனக்க மீனாக்கும். விக்கதுக்கு வச்சதில்ல. மூணு வருஷம் எடுத்து வளத்தது.”

“பின்ன ஏன் அன்னைக்கே சொல்லல்ல?”

“யாரும் கேக்கல்ல.”

“கேட்டாத்தான் சொல்லுவியா? வாய வாடகைக்கா குடுத்திருக்க?” என்றாள் செல்லபாய். கோபமாகத்தான் சொன்னாள். ஆனால் வாளியை ரெஜிஷாவின் பக்கமாகத் தள்ளி வைத்தாள். “எடுத்துக்க. இந்த கோலத்துல இத வீட்டுல வச்சிருக்க எனக்கு ஏலாது. மருமவளுக்குக் கலர் கலரா ஏதாவது தா. சண்டை போடாததா தா.”

“சாமான் விட்டு வெளிய போனா பெறவு திருப்பி எடுக்கது வழக்கமில்ல அம்மா…” என்று ஜான்ரோஸ் இடையில் புகுந்தார். “அதோட, இவளுக்க மீனுன்னு ஒண்ணு கடைக்குள்ள எப்பிடி இருக்கும்?”

ரெஜிஷா பின்னறைக்குப் போனாள். ஃபில்டர் பஞ்சுப் பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு, முந்தாநாள் காலியான குவார்ட்டர் பாட்டிலை எடுத்தாள். லேபிளோடு கொண்டுவந்து, மேசைமேல் வைத்து, குழாய்த் தண்ணீரில் மூன்று தடவை அலசினாள்.

ஜான்ரோஸின் நிறம் மாறியது. “இது எங்க இருந்து வந்துது?”

“நீங்க வச்ச எடத்துல இருந்துதான் அண்ணே.”

“நான் எங்க…”

“வாரத்துக்கு ரெண்டு வீதம் எடுப்பேன். வீட்டுல நாப்பத்திரெண்டு இருக்கு.”

செல்லபாய் பாட்டிலின் லேபிளைப் படித்தாள். பிறகு சுவரில் தொங்கிய சபைக் கமிட்டிப் போட்டோவையும் ஜான்ரோஸை மேலிருந்து கீழ்வரையும் ஒருதடவை பார்த்தாள். “கமிட்டி மெம்பரு இல்லியா நீரு?” என்று மட்டும் கேட்டாள். ஜான்ரோஸ் திடீரென்று காற்று மோட்டார் ஒன்றைக் கழற்றிப் பழுது பார்க்க ஆரம்பித்தார். அது ஓடிக்கொண்டிருந்த மோட்டார். அன்று மாலைவரை அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்கு வராண்டாம் என்று அவர் அன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

மருமகள் அபினாவுக்காக ரெஜிஷா ஆறு கப்பி பொறுக்கினாள். இந்தத் தடவை வால் பெரியதாகவே. ஆள் வந்தால் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மேலே வந்து வாயைத் திறந்து நிற்கிற மீன்கள். என்ன போட்டாலும் தின்னும். யார் பார்த்தாலும் சந்தோஷப்படும். அடுக்களை காணலுக்கு வந்த கூட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான மீன் கிடையாது. சக்கர் மீனைத் திருப்பிக் கொண்டுவரச் சொன்னாள்.

“அயிரை?” என்று கேட்டாள்.

“அது அங்கயே கெடக்கட்டும்” என்றாள் செல்லபாய், ஆட்டோவில் ஏறிக்கொண்டே. “நேத்து சட்டிய எடுத்து வச்சேன். மனசு வரல்ல.”

சாயங்காலம் வில்லுக்குறி பஸ்ஸில் ரெஜிஷாவுக்கு ஜன்னல் ஓர இடம் கிடைத்தது. கறுப்புக் கவர் கடையிலேயே இருந்தது, எடுக்கவில்லை. வேதாகமப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஃபைட்டர் இருந்த குவார்ட்டர் பாட்டிலை மடியில் நிமிர்த்திப் பிடித்திருந்தாள். லேபிளைக் கிழிக்க நேரமில்லை. நடத்துநர் பாட்டிலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். நின்றுகொண்டிருந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். பார்க்கட்டும் என்று விட்டாள். அவள் பாட்டிலுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதாம் இலைத் தண்ணீரில் கிடந்தால் வால் ஒன்றரை மாதத்தில் முளைத்துவிடும். முளைக்கிற வாலில் வெள்ளை ஓரம் கோணலாக வரலாம். பரவாயில்லை, குஞ்சுக்குக் கோணல் வராது.

பக்கத்தில் இருந்த பெண் வெகுநேரம் பாட்டிலின் லேபிளையே பார்த்துவிட்டு, கடைசியில் மீனைக் கண்டுபிடித்தாள்.

“அய்யோ, மீனா? நல்லா இருக்கே. தனியாவா வச்சிருக்க? பாவம். கூட ரெண்டு கோல்டு ஃபிஷ் வாங்கி விடு பிள்ளே, ஒண்ணா கெடக்கும்.”

ரெஜிஷா பாட்டிலை ஜன்னல் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டாள். அன்றைக்குப் பேச வேண்டியதை எல்லாம் அவள் பேசி முடித்திருந்தாள்.